பாட்டு முடியும் முன் போர்த்திய பொன்னாடை

அன்றைக்கு மண்டபத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கச்சேரி ஆல்பமாக வெளியே வந்த பிறகு திண்டுக்கல் நாகல் நகரில் பாதிப் பேர் "நானும் அங்கதான் இருந்தேன்" என்கிறார்கள். இல்லை.

மேடையில் நான்கு பேர். நடுவில் ஸ்டீபன், பாடுவான், கையில் கிடாரும் உண்டு. அவனுக்கு வலப்பக்கம் இன்னொரு கிடார், இடப்பக்கம் பேஸ் கிடார். வாசிக்கிற இருவரும் அண்ணன் தம்பி; மேடையிலும் சரி, கீழேயும் சரி, ஒருவரோடு ஒருவர் பேசி நான் பார்த்ததில்லை. பின்னால் டிரம்ஸில் பிரபு. எதிரே, கடைசிச் சுவரோரம் மேசை போட்டு, மிக்ஸரும் லேப்டாப்புமாக ஜெனிபர். அவளுக்குப் பக்கத்தில் நான். மேடைக்கு முன்னால் கறுப்பு பனியன் போட்ட பிள்ளைகள் ஒரு அறுபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். இடதுபக்கம் பிளாஸ்டிக் நாற்காலிகளில் குடும்பத்து ஆட்கள்: ஸ்டீபனின் அம்மா, அவரோடு கோயிலில் பாடுகிற பெண்கள், அண்ணன் தம்பி வீட்டார், அவர்களுடைய சொந்தக்காரர்கள். முதல் வரிசையின் ஓரத்தில், மடியில் ஒரு துணிப்பையோடு, ஆயக்குடியிலிருந்து வந்திருந்த பிரபுவின் அப்பா பழனிச்சாமி. வாசலில் ஜெனரேட்டர்காரர். அவ்வளவுதான். மண்டபத்து வாட்ச்மேன் முதல் பாட்டிலேயே டீக்கடைக்குப் போய்விட்டார்.

நான் வேலையிலிருந்து நின்றுவிட்டேன்; பொழுது போகாமல் கடைக்கு மட்டும் போய் வருகிறேன். இப்போது ஜெனிபரிடம் வேலை பார்க்கிற பையன்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணே, இப்ப எல்லாப் பயலும் நேரடிக் கச்சேரிய ரெக்கார்ட் பண்ணணும்ங்குறான். நீங்க இருந்த அந்த ஆல்பத்துல எது நல்லா வந்துச்சு, எது சொதப்புச்சுன்னு எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். எழுதினால் ஸ்டீபன் வருத்தப்படுவானோ, எழுதாவிட்டால் பையன்கள் வருத்தப்படுவார்களோ என்று நாலைந்து நாள் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஆரம்ப காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெனிபருடைய அப்பா மைக்செட் கடை வைத்திருந்தார். அங்கே சேர்ந்தேன். குழாய் ஸ்பீக்கரைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தில் ஏறிக் கட்டினேன். சித்தையன்கோட்டையில் காது குத்து, ஆத்தூர்ப் பக்கம் கட்சிக் கூட்டம், பிறகு ஊர் ஊராகத் தேர்பவனி, முளைப்பாரி. பிறகு பெட்டி ஸ்பீக்கர் வந்தது, மிக்ஸர் வந்தது, ஆர்கெஸ்ட்ரா வந்தது. இத்தனை வருஷத்தில் என் மனதில் ஊறிப்போனது ஒன்றே ஒன்றுதான்: ஸ்பீக்கரில் சத்தம் நின்றால் ஜனம் முழுக்கத் திரும்பி நம்மைப் பார்க்கும். அதனால் சத்தம் நிற்கவே கூடாது. ஐயர் மந்திரத்துக்கு நடுவில் மூச்சு வாங்கினால்கூட என் கை ஒயரைத் தடவிப் பார்க்கப் போய்விடும்.

அப்பாவுக்குப் பிறகு கடையை ஜெனிபர் எடுத்தாள். சென்னையில் ஒலிப்பதிவு படித்துவிட்டு வந்தவள். கடைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையைச் சுத்தம் செய்து, சுவரெல்லாம் பஞ்சு ஒட்டி, ஸ்டுடியோ ஆக்கினாள். நான் தூக்கி வளர்த்த பிள்ளைதான்; ஆனால் வேலையில் அவள்தான் எனக்கு மேலே. "ஜெனி பாப்பா" என்றுதான் கூப்பிடுவேன், அவள் "மாமா" என்பாள். ஆனால் மைக் வைக்கிற நேரத்தில் பாப்பாவும் கிடையாது, மாமாவும் கிடையாது. நன்றாக இருக்கிறது என்று அவள் வாயிலிருந்து ஒருநாளும் வராது. "இன்னொருக்கா" என்பாள். "இன்னொருக்கா" வராமல் அடுத்த மைக்குக்குப் போய்விட்டாள் என்றால் சரியாக வந்துவிட்டது என்று அர்த்தம்.

அவளிடம்தான் இந்த நான்கு பையன்களும் வந்தார்கள். அவர்கள் வாசிப்பது ப்ரோக்ரசிவ் மெட்டலாம், ராக் பாட்டிலேயே இடியும் தாளக் கணக்கும் கூடின வகை. குழுவின் பெயர் ஏழரை.

எனக்குத் திக்கென்றது. "ஏம்ப்பா, ஊர்ல வேற பேரே கெடைக்கலியா? கோயில் கோயிலாப் போயி எள்ளுத் தீபம் போட்டு வெரட்டுறோம், நீங்க பேனர்ல போட்டுக் கூப்புடுறீங்க?"

பிரபுதான் சிரித்துக்கொண்டே விளக்கினான். நாம் கேட்கிற பாட்டெல்லாம் பெரும்பாலும் நான்கு நான்காகவோ மூன்று மூன்றாகவோ போகுமாம். இவர்கள் பதினைந்து அடிக்கு ஒருமுறை சுற்றி வருவார்களாம். முதலில் ஏழு, பிறகு எட்டு. பதினைந்தில் பாதி ஏழரை. அதுதான் பெயர். "நீங்க தொடையில தட்டிப் பாருங்கண்ணே" என்றான். தட்டினேன். ஏழு வரைக்கும் கூடவே போனேன், எட்டில் எங்கேயோ ஒரு அடி காணாமல் போய்விட்டது. மறுபடி தட்டினேன். மறுபடி காணோம். அன்றைக்குத் தொடங்கி இன்றுவரை பஸ்ஸில், டாக்டருக்குக் காத்திருக்கும்போது, குக்கர் விசிலுக்கு நிற்கும்போது தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ஒருமுறைகூடப் பதினைந்தில் சரியாக வந்து இறங்கவில்லை. அந்த ஓர் அடி எங்கே போகிறது என்பதுதான் எனக்குப் புரியவே மாட்டேனென்கிறது.

ஸ்டீபனின் குரல் இன்னொரு ஆச்சரியம். சின்ன வயதிலிருந்து கோயில் பாடல்குழுவில் பாடி வளர்ந்தவன். மெதுவாகப் பாடினால் அவ்வளவு இனிமை. அதே ஆள் திடீரென்று அடித்தொண்டையில் உறுமுவான். முதல்முறை கேட்டபோது ஓடிப்போய்க் கற்கண்டும் மிளகும் வாங்கிவந்து கொடுத்தேன். "தொண்டையிலருந்து வரலண்ணே, வயித்துலருந்து வருது. ஒண்ணும் ஆகாது" என்றான். கற்கண்டை வாங்கித் தின்றுவிட்டான்.

ஸ்டுடியோவில் பதியாமல் ஏன் ஜனத்தை வைத்துக்கொண்டு பதிய வேண்டும் என்று கேட்டேன். நான்கு பேர் ஒன்றாக நின்று வாசிக்கிறபோது வருகிற விறுவிறுப்பு ஸ்டுடியோவில் வராது என்றார்கள். இன்னொரு காரணமும் இருந்தது. பிரபுவுக்கு துபாயில் வேலை கிடைத்திருந்தது. கச்சேரிக்கு அடுத்த வாரம் விமானம். மூன்று வருஷம் சேர்ந்து வாசித்ததில் அவர்கள் கையில் மிஞ்சப்போவது இந்த ஒரு பதிவுதான். தவறிப்போனால் இன்னொரு முறை கூடுவதற்கு ஆளில்லை. இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

பையன்கள் கேட்டது பதிவு செய்த விதம். அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

காலையில் முதல் வேலை எர்த். மண்டபத்து எர்த்தை நான் நம்பவில்லை. பின்பக்கம் குழி தோண்டி, கம்பியை இறக்கி, உப்பும் தண்ணீரும் ஊற்றினேன். கிடார் வாசிக்கிறவன் கை கம்பியில் இருக்கும், உதடு மைக்கில் படும்; எர்த் சரியில்லை என்றால் ஷாக் அடிப்பது அவனுக்குத்தான். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். "மாமா, இம்புட்டுப் பயந்தா கரண்டே பயந்து ஓடிப்போயிரும்" என்றாள் ஜெனி.

அடுத்து டிரம்ஸ். அதற்கு மட்டும் எட்டு மைக். ஜெனி வைக்கிற விதம் இப்படி: பிரபு ஒரே டிரம்மை ஒரே மாதிரி அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் தரையில் குத்தவைத்து, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, இன்னொரு காதை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோவாள். தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவாள். ஓரிடத்தில் நின்றுவிடுவாள். அவள் காது நின்ற இடத்தில் நான் மைக்கைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். பிறகு அவள் மேசைக்குப் போய் ஹெட்போனில் கேட்பாள். அங்கிருந்து கையைச் சுழற்றினால் இன்னொருக்கா. பெரிய டிரம்முக்கு மட்டும் ஏழெட்டு இன்னொருக்கா. பிரபுவுக்குக் கால் வலித்துவிட்டது.

கடைசியாக இரண்டு மைக்குகளை உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிடச் சொன்னாள். ஒன்று நிற்கிற பிள்ளைகளுக்கு மேலே, இன்னொன்று நாற்காலிகளுக்கு மேலே.

"சனம் பேசுறதெல்லாம் விழுகுமே பாப்பா?"

"விழுகட்டும். சனம் இல்லாம என்ன நேரடிக் கச்சேரி?"

மதியம் எல்லாப் பாட்டையும் ஒருமுறை முழுதாக வாசித்துப் பார்த்தார்கள். ஜெனி அதையும் பதிந்து வைத்தாள். கடைசிப் பாட்டு பதினேழு நிமிஷம். பாதியில், உச்சத்துக்குப் போய், நான்கு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டார்கள். ஒரு சத்தமில்லை. நான் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டரைப் பார்க்க ஓடினேன். பாதி தூரம் போனபோது முதுகுக்குப் பின்னால் டமார் என்று பாட்டு மறுபடி எழுந்தது. திரும்பிப் பார்த்தால் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு ஜெனி சிரிக்கிறாள்.

"பாட்டே அப்புடித்தான் மாமா. பதினஞ்சு அடி சும்மா இருக்கணும். மனசுக்குள்ள எண்ணிக்கிட்டே இருந்து, நாலு பேரும் ஒண்ணா எறங்கணும்."

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. ஸ்டீபனிடம் போனேன். "தம்பி, நாற்காலியில உக்காரப் போறவுங்களுக்கு இது தெரியாதே. நடுவுல ஒரு இடைவெளி வரும், பாட்டு முடியலைன்னு முன்னாடியே மைக்குல சொல்லிருவமா?"

"சொல்லிட்டு நிறுத்துனா அதுல என்னண்ணே இருக்கு?" என்றான். அதுவும் நியாயம்தான்.

மாலையில் கச்சேரி ஆரம்பித்தது. ஆல்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகவே சொல்கிறேன், பையன்களுக்குப் பயன்படும்.

முதல் இரண்டு பாட்டுகளில் டிரம்ஸ்தான் பெரிய பலம். ஜெனி குத்தவைத்து உட்கார்ந்தது வீண் போகவில்லை. பெரிய டிரம் காதில் கேட்காது, நெஞ்சுக்குழியில் வந்து இடிக்கும். பேஸ் கிடாரும் தனியாகத் தெரிகிறது. இந்த வகைப் பாட்டில் அது கிடாருக்குள் கரைந்துபோய்விடுவதுதான் வழக்கமாம். குறை என்னவென்றால், முதல் பாட்டில் ஸ்டீபனின் குரல் தூரத்திலிருந்து வருகிறது. ஜெனி பிறகு எவ்வளவோ தூக்கிப் பார்த்தாள். அவன் பதற்றத்தில் மைக்கை விட்டுத் தள்ளி நின்றே பாடிவிட்டான். தூக்கினால் கூடவே டிரம்ஸும் ஏறி வந்தது. கிடாரும் வலப்பக்கத்தில் ஒரு பிடி அதிகம். பாட்டுக்குப் பாட்டு ஸ்டீபன் ஆங்கிலத்தில் பேசுகிறான். நாகல் நகரில் நின்றுகொண்டு யாருக்குப் பேசுகிறான் என்று தெரியவில்லை. கறுப்பு பனியன் பிள்ளைகளே "ஏலே, தமிழ்ல சொல்றா" என்று கத்துவதும் பதிவில் இருக்கிறது.

மூன்றாவது மெதுவான பாட்டு. அதில் ஒரு மின்விசிறி கிர்ர் கிர்ர் என்று கூடவே வாசிக்கிறது. எல்லா விசிறியையும் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சியும், "வெந்து போவோம்ல, ஒண்ணாவது ஓடட்டும்ப்பா" என்று ஸ்டீபனின் அம்மா நிறுத்தவிடவில்லை. அதே பாட்டில்தான் ஸ்டீபன் மூச்சை இழுப்பதும், கடைசி வரியில் குரல் லேசாக நடுங்குவதும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதுபோல இருக்கிறது. விசிறியை அழித்தால் மூச்சும் போகும். ஜெனி இரண்டையும் விட்டுவிட்டாள்.

நான்காவது பாட்டில் கிடார்காரன் தனியாக வாசிப்பது கொஞ்சம் நீளம். கொஞ்சம் என்ன, நல்ல நீளம். அவன் கோபித்தாலும் பரவாயில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடைசிப் பாட்டு. முதல் பாதியில் நான்கு பேரும் மதியம் வாசித்ததைவிட நன்றாக வாசித்தார்கள். ஏறி ஏறிப் போய், உச்சத்தில், பட்டென்று நின்றார்கள். நான் இந்தமுறை ஓடவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தேன்.

இடதுபக்கத்திலிருந்து ஒரே ஒரு ஆள் கைதட்டுகிற சத்தம். அடுத்து மற்ற நாற்காலிகளும் தட்டின. முதலில் தட்டிய பிரபுவின் அப்பா எழுந்தார். துணிப்பையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்து உதறினார். செருப்பு சரக் சரக் என்று தேய, மேடைப் படியில் ஏறினார். நான் ஜெனியைப் பார்த்தேன், ஜெனி என்னைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பிடிக்கிற தூரம் இல்லை.

நம் ஊர் மேடை வழக்கம் அதுதானே. பாட்டு முடிந்தால் பொன்னாடை. போர்த்துகிறவர் மைக்கில் இரண்டு வார்த்தை. அவர் முறையாகத்தான் செய்தார். ஸ்டீபனை மெதுவாக ஒதுக்கிவிட்டு, "எல்லாருக்கும் வணக்கமுங்க. எம்பட பையன் நல்லா அடிச்சான். சந்தோசமுங்க" என்று சொன்னார். பின்னால் போய், இரண்டு கையிலும் குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி சிலையாக உட்கார்ந்திருந்த பிரபுவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்.

பதினைந்து அடி எப்போதோ போய்விட்டது. மற்ற மூன்று பேரும் பிரபுவையே பார்க்கிறார்கள். அவன் அப்பாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்து டிரம்ஸில் இறங்கினான் பாருங்கள், அப்பா இரண்டடி பின்னால் துள்ளிப்போனார். மண்டபமே சிரித்தது. மூன்று பேரும் எங்கேயோ பிடித்துக்கொண்டு அவனோடு சேர்ந்தார்கள்.

ஆனால் வேகம் மாறிவிட்டது. முதல் பாதியைவிட இரண்டாம் பாதி நன்றாகவே வேகமாக ஓடுகிறது. அவர்கள் கணக்குப்படி அது பெரிய பிசகு. பொன்னாடையின் ஒரு முனை இடதுபக்கத் தாளத்தட்டில் விழுந்து கிடந்ததால், அந்தத் தட்டு மட்டும் சாக்குப் போர்த்தி அடித்ததுபோல மந்தமாகக் கேட்கிறது. அவன் தோளிலிருந்து அதை எடுத்துப் போடவுமில்லை. அப்படியே கடைசிவரை வாசித்து முடித்தான்.

கீழே வந்து உட்கார்ந்த பழனிச்சாமி பக்கத்து நாற்காலிக்காரரிடம், "அடுத்த பாட்டு இன்னும் ஜோருங்க" என்றார். அவர் தலைக்கு மேலே நான் கட்டின மைக் இருந்தது, அதுவும் பதிவாகியிருக்கிறது.

பிரபு துபாய் போய்விட்டான். ஸ்டுடியோவில் வாக்குவாதம் ஆரம்பமானது. ஸ்டீபன் தீர்மானமாக இருந்தான்: "வெட்டிருவோம். மதியம் எடுத்ததுல ரெண்டாம் பாதி சுத்தமா இருக்கு. அதத் தூக்கி இங்க ஒட்டிருங்க. வெளியூர்க்காரன் கேட்டா சிரிப்பான்." அண்ணன் தம்பி இருவரும் ஒன்றும் சொல்லவில்லை, வழக்கம்போல. பிரபு போனில் பேசினான். "வெட்டிருங்கக்கா. ஆனா அப்பாட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. பாட்டு முடிஞ்சுதான் ஏறுனோம்னு அவரு நெனச்சுக்கிட்டு இருக்காரு. ஊர் பூராச் சொல்லிருக்காரு."

ஜெனி ஒட்டிப் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டினாள். இரண்டாம் பாதியில் பிசகே இல்லை. ஆனால் என்னமோ மாதிரி இருந்தது. ஜனமெல்லாம் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்ட மாதிரி. என்ன என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஜெனிதான் சொன்னாள்: மதியம் மண்டபம் காலி. காலி மண்டபத்தில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும். ஆள் நிறைந்தால் உடம்புகள் அதைக் குடித்துவிடும். ஒட்டின இடத்தில் மண்டபம் காலியாவது காதுக்குத் தெரிகிறது.

"எனக்கு வெட்ட மனசில்ல மாமா. ஆனா அது அவரு குரலு. வச்சா அவரக் கேக்கணும். வெட்டுனாலும் சொல்லணும். சொல்லாம நான் எதையும் வெளிய விடமாட்டேன்."

"சொன்னா அவருக்குத் தெரிஞ்சு போயிருமே பாப்பா. மனுசன் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு."

"தெரியாமயே ஆல்பம் வந்து, வேற எவனாவது சொல்லிச் சிரிச்சா?"

ஒருநாள் காலையில் ஆயக்குடிக்குப் பஸ் ஏறினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. மகன் தூரதேசத்தில். அப்பாவுக்கு அவன் விட்டுப்போனது அந்த ஒரு மாலை நேரம். அதை நாங்கள் போய்க் கெடுக்கப் போகிறோமோ?

பழனிச்சாமி கொய்யாத் தோப்பில் பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். "வாங்க அம்மிணி, வாங்க" என்று பெட்டியைக் கவிழ்த்து உட்காரவைத்து, கொய்யாவைக் கீறி உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிக் கொடுத்தார். ஜெனி சுற்றி வளைக்கவில்லை. கடைசிப் பாட்டு, அதில் உங்கள் குரல் இருக்கிறது, கேளுங்கள் என்று ஹெட்போனைக் கொடுத்தாள். தலைத்துண்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டார்.

முதல் பாதியை அசையாமல் கேட்டார். நடு இடம் வந்ததும் முகம் மலர்ந்தது. "எம்பட கொரலுங்களா இது? ரேடியோவுல பேசறாப்பல இருக்குதுங்க." பிறகு டமார் என்று எழுந்தது, இங்கேயும் ஒருமுறை துள்ளினார். இன்னும் கேட்டார். கேட்கக் கேட்கப் புருவம் சுருங்கியது. ஹெட்போனைக் கழற்றினார்.

"ஏனுங்க அம்மிணி, முன்னால வந்த ராகமே திருப்பி வருதுங்களே. இது அடுத்த பாட்டு இல்லீங்களா?"

"இல்லீங்க ஐயா. ஒரே பாட்டுதான். நடுவுல அந்த எடைவெளி பாட்டோட சேர்ந்தது."

அவர் கையிலிருந்த கொய்யாவை ஒரு மரத்துண்டின் மேல் வைத்தார். எனக்கு அந்தத் தோப்பில் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"அப்ப நான் பாட்டு முடியறதுக்குள்ளாறயே ஏறிப்போட்டேன்."

ஜெனி தலையை ஆட்டினாள்.

"பஸ் ஏறறப்பக்கூட, பொன்னாடை நல்லா இருந்துச்சுப்பான்னுதானுங்க சொன்னான். ஒரு வார்த்தை சொல்லலியே பயல்." பிறகு, "வெட்டிப்போடுங்க அம்மிணி. நாலு பேரு கேக்கற எடத்துல எம்பட கொரலு எதுக்கு?" என்றார்.

"வெட்டுனா எப்புடி இருக்கும்னு கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று ஜெனி ஒட்டின பதிவைப் போட்டாள். அதையும் முழுக்கக் கேட்டார்.

"சுத்தமா இருக்குதுங்க. ஆனா இவன் என்னமோ ஆபீசுக்குப் போறவனாட்ட அடிக்கறான். மொதல்ல கேட்டதுல ஏனுங்க அப்புடிப் பாயறான்?"

"நீங்க பக்கத்துல வந்து நின்னதாலதான்னு நெனைக்கிறேன்."

"கோவத்துலயா?"

"கேட்டேங்க ஐயா. பிரபுவுக்கே தெரியலியாம்."

எனக்கும் அதே கேள்விதான். கோபமா, கூச்சமா, சந்தோஷமா. எத்தனையோ முறை கேட்டுவிட்டேன், டிரம் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் இந்த ஆல்பத்தில் அதைவிட உயிரான இடம் வேறு கிடையாது. தாளக் கணக்கு தெரிந்தவர்கள் இணையத்தில் அதைத்தான் முதல் குறையாக எழுதியிருக்கிறார்கள் என்று பையன்கள் காட்டினார்கள். இருக்கட்டும். குறையும் அதுதான், பலமும் அதுதான். இரண்டையும் தனித்தனியாக எழுதித் தர என்னால் முடியாது.

பழனிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "எங்கூருக் கோயில் கமிட்டியில நானும் ஒரு ஆளுங்க. திருவிழாவுல நாடகம் நடக்கறப்ப, நடுவால மாலையோட மேடையேறுன ஒருத்தனுக்கு நான்தான் முன்ன நின்னு தெண்டம் போட்டேன். அவனுக்கொரு நாயம், எனக்கொரு நாயமுங்களா? எனக்கும் தெண்டம் போடுங்க. மூவாயிரம். கட்டிப்போடறேன். அதுக்கப்பறம் அது அங்கயே இருந்துட்டுப் போகட்டும்."

ஜெனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கெதுக்குங்க ஐயா? கோயில்லயே கட்டிருங்க."

"அங்க கட்டுனா எதுக்குன்னு கேப்பாங்களே அம்மிணி!"

அங்கேயே பிரபுவுக்குப் போன் போட்டோம். அவர் வாங்கிப் பேசினார். "கண்ணு, வெட்டச் சொல்லாத. தெண்டம் போட்டாச்சு." அந்தப் பக்கம் என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. இவர் "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, சாப்பிட்டயா?" என்று மட்டும் கேட்டார்.

ஆல்பம் அப்படியே வெளிவந்தது. ஸ்டீபன் சில நாள் முறைத்துக்கொண்டிருந்தான், பிறகு அவனும் விட்டுவிட்டான். ஜெனி தெண்டத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவராகத்தான் வந்தார். மோட்டார் சாமான் வாங்க திண்டுக்கல் வந்தேன் என்று சொல்லி, ஐந்நூறு ரூபாயை மேசையில் வைத்துவிட்டு, ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டு கடைசிப் பாட்டை மட்டும் முழுசாகக் கேட்டுவிட்டுப் போனார். அடுத்தமுறை உரம் வாங்க வந்தேன் என்றார். ஐந்நூறு ரூபாய், ஒருமுறை பாட்டு. நடு இடம் வரும்போது இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறார்.

போன வாரமும் வந்திருந்தார். அன்றைக்குக் கொய்யா நல்ல விலைக்குப் போனதாம். சட்டைப்பையில் கத்தையாகப் பணம் தெரிந்தது. "மொத்தமாவே குடுத்துருங்களேன் ஐயா, அலைச்சல் மிச்சம்" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஜெனி மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். அவர் காதில் விழாத மாதிரி ஒரே ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை உருவி வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

முழுவதும் கட்டி முடித்துவிட்டால் பிறகு என்ன சொல்லிக்கொண்டு வருவார் என்று எனக்கு இப்போதே கவலையாக இருக்கிறது. இன்னும் வரவேண்டிய பாக்கி ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.